ரக்ஷனா பெயரில் மூன்று எண்கள்

வேலாயுதத்தின் கடையை யாராவது கடை என்று சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும். ஃபேரர் பார்க் எம்.ஆர்.டி. ரயில் நிலையத்திலிருந்து ஏறி வந்து சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்துக்குள் நுழைந்தால், பூக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் நடுவே அஞ்சடி நடைபாதையைப் பாதி அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடி மேசை. அதற்குப் பின்னால் ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் வேலாயுதம். சிம் கார்டு, டாப்-அப், சார்ஜர், ஃபோன் உறை, இவ்வளவுதான் சரக்கு. ஞாயிற்றுக்கிழமை டார்மிட்டரி விடுதிகளிலிருந்து வெளிநாட்டு ஊழியர்கள் வந்து இறங்கினால் சந்தில் மூச்சு விட இடமிருக்காது. மற்ற நாளெல்லாம் அவர் ஈ ஓட்டிக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்.

திட்டுவதற்கு விஷயம் இல்லாமல் போகுமா? "ஒரு சிம் கார்டு விக்கிறதுக்குப் பாஸ்போர்ட்ட காட்டணுமாம், பெர்மிட்ட காட்டணுமாம், மெஷின்ல படம் புடிக்கணுமாம். இன்னும் கொஞ்ச நாள்ல ஜாதகத்தையும் கொண்டான்னு சொல்லுவான் பாருங்க!" என்பார் பூக்கடைக்காரரிடம். சட்டம் என்னவோ எளிமையானதுதான். ப்ரீபெய்ட் சிம் யாருக்கு விற்றாலும், அவர்களுடைய அசல் அடையாள அட்டையை டெலிகாம் கம்பெனி கொடுத்த கைமெஷினில் காட்டிப் பதிய வேண்டும். ஒரு ஆளுக்கு மூன்று சிம்தான். எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் மொத்தத்தில் மூன்று. நாலாவது போட்டால் மெஷினே முடியாது என்று சொல்லிவிடும். மோசடிக்காரர்கள் அடுத்தவன் பெயரில் சிம் வாங்கிக் கிழவிகளை ஏமாற்றுகிறார்கள், அதைத் தடுக்கத்தான் இவ்வளவும்.

ஆனால் அந்தச் சந்தில் சட்டத்துக்கு மேலே இன்னொரு வழக்கம் இருந்தது. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கும் பையன் கையில் பாஸ்போர்ட் இருக்காது. ஏஜெண்ட் வாங்கி வைத்திருப்பான், இல்லாவிட்டால் கம்பெனியில் இருக்கும். வேலை பெர்மிட்டும் வந்திருக்காது. வந்து சேர்ந்தேன் என்று அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாமல் கடை முன்னால் வந்து நிற்பான். அவனைப் போடா என்று விரட்ட எந்தத் தமிழ்க் கடைக்காரருக்கு மனசு வரும்? கடைக்காரர் தன் பெயரிலேயே ஒரு சிம்மைப் பதிந்து கையில் கொடுப்பார். "பாஸ்போர்ட் வந்ததும் வந்து உன் பேருக்கு மாத்திக்கப்பா" என்பார். அவனும் தலையை ஆட்டுவான். திரும்பி வந்தவன் ஒருத்தனும் கிடையாது, அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

வேலாயுதத்தின் பெயரில் மூன்றும் எப்போதோ தீர்ந்துபோயின. மனைவி ரத்தினம்மா பெயரிலும் மூன்றும் தீர்ந்தன. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதிரேசன் என்ற பையன் இரண்டு கூட்டாளிகளோடு வந்து நின்றான். மூன்று பேரும் மண்ணெடுக்கும் வேலைக்கு வந்தவர்கள். கதிரேசனுக்குப் பேச வாயெடுத்ததும் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. மேசை இழுப்பறையில் மகள் ரக்ஷனாவின் அடையாள அட்டையான ஐசி கிடந்தது. ஏதோ விண்ணப்பத்துக்கு நகல் எடுத்துவையுங்கள் அப்பா என்று காலையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவ்வளவுதான். மூன்று சிம்மும் ரக்ஷனா பெயரில் ஏறின. பையன்கள் அந்த இடத்திலேயே ஊருக்குக் கூப்பிட்டுப் பேசினார்கள். வேலாயுதம் அதைப் பார்த்துக்கொண்டே தே தாரிக் என்கிற நுரைத் தேநீர் ஒன்று குடித்தார். மகளிடம் சொல்லவில்லை. நல்ல காரியம்தானே, இதைப் போய் ஒரு சேதியாகச் சொல்லுவார்களா?

ரக்ஷனா ஒரே பிள்ளை. சட்டம் படித்து முடித்து, டோபி காட் பக்கம் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பயிற்சியில் இருந்தாள். ஆகஸ்டில் அவளுக்கு மாஸ் கால். புது வக்கீல்களை நீதிமன்றத்தில் வரிசையாக நிறுத்தி, கறுப்பு அங்கி போட்டு, வக்கீலாக ஏற்றுக்கொள்ளும் நாள் அது. அதற்கு முன்னால் தன் மேல் எந்தக் கறையும் இல்லை, எந்த விசாரணையும் இல்லை என்று சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். அவள் கொடுத்துவிட்டாள். ரத்தினம்மா அன்றைக்குக் கட்ட சேலையே எடுத்து வைத்துவிட்டாள். வேலாயுதம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளிடமெல்லாம் "என் பொண்ணு லாயர் லா" என்று ஆரம்பித்துவிடுவார். மனுஷனுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

அந்த நேரத்தில்தான் திலீப் வந்தான்.

கூட்டமில்லாத ஒரு மத்தியானம். சலவை செய்த சட்டை, சுத்தமான நகம், முப்பது வயசுக்குள் இருக்கும். கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே இரண்டு பொட்டலம். ஒன்றை வேலாயுதத்தின் முன்னால் வைத்துவிட்டு, கேட்காமலேயே எதிர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அங்கிள், கதிரேசன் ஊருக்குப் போயிட்டான், தெரியுமா?"

"எந்தக் கதிரேசன்?"

"நீங்க சிம் குடுத்தீங்களே. அவனும் அவன் கூட்டாளிங்களும். காண்ட்ராக்ட் முடிஞ்சு போயிட்டாங்க. போற பசங்க சிம்ம தூக்கியா போடுவாங்க? ரூம்ல இருக்கிறவனுக்குக் குடுத்துட்டுப் போவாங்க. அந்த ரூம்ல இருந்தவன் நம்ம ஆளு." அவன் தன் ஃபோனைத் திருப்பிக் காட்டினான். டாப்-அப் போடும் ஆப். மேலே எண், எண்ணுக்குக் கீழே பெயர். ரக்ஷனா வேலாயுதம். "அழகான பேரு அங்கிள். நீங்க வச்சதா, ஆன்ட்டி வச்சதா?"

வேலாயுதம் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். அவருக்கு இருக்கிற வாய்க்கு அந்தப் பயலைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். தேயைத் தள்ளி வைக்க மட்டும்தான் முடிந்தது.

"டோபி காட்ல இறங்கி நடந்துதானே ஆபீஸ் போறாங்க? மழை வந்தாலும் கொடை எடுத்துட்டு வர மாட்டேங்கிறாங்க, நீங்க சொல்லக் கூடாதா?" திலீப் தேயை உறிஞ்சினான். குரலில் ஒரு துளி காரம் இல்லை. சொந்தக்காரப் பையன் பேசுவது போலப் பேசினான். "பயப்படாதீங்க அங்கிள். அந்த மூணு நம்பரயும் நாங்க தொடல. தொட மாட்டோம். மாசாமாசம் டாப்-அப் மட்டும் போட்டு உயிரோட வச்சிருக்கோம். உங்களுக்காகத்தான்."

"உனக்கு என்ன வேணும்?"

"பெருசா ஒண்ணுமில்ல. பெர்மிட் காட்டி சிம் வாங்க வர்றவங்களுக்கு ஒரு தடவ பதியிறீங்க இல்ல, அதே பெர்மிட்ட இன்னொரு தடவ பதிங்க. மெஷின் சரியா எடுக்கலன்னு சொல்லுங்க, எவன் கேக்கப்போறான்? முதல் சிம் அவனுக்கு, ரெண்டாவது சிம் எனக்கு. அவ்வளவுதான்."

"அந்தப் பையனுங்க பேர்ல என்ன பண்ணுவ?"

திலீப் காலிப் பொட்டலத்தைக் கட்டிக் குப்பைக்கூடையில் பதவிசாகப் போட்டுவிட்டுப் போனான்.

அன்றைக்கு மேசையைத் துடைப்பதும் எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக இருந்தார் வேலாயுதம். பக்கத்துக் கடையிலிருந்து கம்பெனி ஹாட்லைனுக்குக் கூப்பிட்டு, யாரோ மாதிரி, ஒரு நம்பரை அடைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். "பதிஞ்சிருக்கிற ஆளே வரணும் சார்" என்று சொல்லிவிட்டார்கள். பதிந்திருக்கும் ஆள் ரக்ஷனா. அவளிடம் சொன்னால்? அவள் சத்தியம் செய்து கொடுத்தாகிவிட்டதே! தெரிந்த பிறகு சும்மா இருந்தால் அது பொய்ச் சத்தியம் ஆகிவிடும். சும்மா இருக்காமல் போய்ச் சொன்னால் அவள் பெயர் போலீஸில் ஏறும். அவரே போலீஸிடம் போய்ச் சொல்லலாம். இப்போது சட்டம் கடுமையாகிவிட்டது, அடுத்தவர் பெயரில் சிம் பதிந்த கடைக்காரனுக்கு ஜெயில்தான். ஜெயில் கூடப் பரவாயில்லை. ஆனால் அங்கேயும் முதல் கேள்வி, யார் பெயரில் பதிந்தாய் என்பதாகத்தானே இருக்கும்?

மாஸ் கால் முடியட்டும் என்று முடிவு செய்தார். ஆகஸ்ட் வரைக்கும் எப்படியாவது தள்ளிவிட்டால் போதும், அப்புறம் தலையைக் கொடுத்தாவது தீர்த்துவிடலாம். பாவி மனுஷன், தன்னைத் தானே எப்படிச் சமாதானம் பண்ணிக்கொண்டார் பாருங்கள்.

முதலில் வந்து மாட்டியவன் அஸ்மத். தொண்டிப் பக்கத்துப் பையன், துவாஸில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் வாங்கிய கஞ்சியில் ஒரு டப்பா வேலாயுதத்துக்கு என்று கொண்டுவந்து வைப்பான். "உங்களுக்கு அல்சர் இருக்குல்ல அண்ணே, இது வயித்துக்கு நல்லது" என்பான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஃபோன் கடலில் விழுந்துவிட்டது, புது சிம் வேண்டும் என்று வந்தான். பின்னால் கூட்டம். கூட்டத்துக்கும் பின்னால், பூக்கடை ஓரமாக, திலீப் நின்று செவ்வந்திச் சரத்துக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தான்.

வேலாயுதம் பெர்மிட்டை வாங்கி மெஷினில் பதிந்தார். சிம்மை எடுத்துக் கொடுத்தார். பூக்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"சனியன் புடிச்ச மெஷின், சரியா எடுக்கல. பெர்மிட்ட இன்னொரு தடவ குடுப்பா."

"எடுத்துக்குங்கண்ணே, அவசரமில்ல" என்றான் அஸ்மத். பின்னால் இருந்தவர்கள் சலித்துக்கொண்டபோது, "இருங்கப்பா, வயசானவரு" என்று அவர்களை அடக்கினான்.

அந்த இரண்டாவது சிம் இழுப்பறைக்குள் போனது. அதன் பிறகு இன்னும் பல சிம்கள் போயின. முதல் தடவை பூக்கடைப் பக்கம் பார்த்துவிட்டுப் பதிந்தவர் பிறகு பார்க்காமலே பதிந்தார், அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. திலீப் வாரத்துக்கு ஒரு தடவை வருவான், சுடச்சுடக் கறிப்பாப் பலகாரம் வாங்கி வருவான், இழுப்பறையில் இருப்பதை எடுத்துக்கொண்டு, "ஆன்ட்டிய கேட்டதா சொல்லுங்க" என்று போவான். சந்து முனையில் போலீஸ் ஒரு பெரிய சுவரொட்டி ஒட்டியது, உங்கள் பெயரில் சிம் வாங்க யாரையும் விடாதீர்கள் என்று தமிழிலும் வங்காளத்திலும் எழுதியிருந்தது. ஜாலான் புசார் பக்கம் ஒரு ஃபோன் கடையை அடைத்து ஆளைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று பூக்கடைக்காரர் சொன்னார். வேலாயுதம் திட்டுவதை நிறுத்திவிட்டார். வீட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போவார். "உங்களுக்கு என்னங்க வந்துச்சு?" என்று ரத்தினம்மா கேட்டால், அல்சர் என்பார்.

ஒரு தடவை துணிந்து சொல்லிப் பார்த்தார். "போதும் திலீப். இனிமே என்னால முடியாது."

"நிறுத்திக்கலாம் அங்கிள், யாரு வேணாம்னா?" என்றான் அவன். "நீங்க குடுக்கலன்னா எங்ககிட்ட இருக்கிற நம்பரத்தான் நாங்க யூஸ் பண்ணணும். எங்ககிட்ட சும்மா கிடக்கிறது மூணே மூணுதான்." அவர் தோளைத் தட்டிவிட்டு எழுந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை வேலாயுதம் வழக்கத்தை விட அதிகமாகப் பதிந்தார்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. ரக்ஷனாவுக்கு அன்றைக்கு அலுவலகம் இல்லை. சனிக்கிழமைகளில் அவள் அந்தப் பக்கத்தில் நடக்கும் இலவசச் சட்ட உதவி முகாமுக்கு வந்து, ஊழியர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பாள், மொழிபெயர்ப்பாள். முகாம் முடிந்ததும் நேராக அப்பாவின் கடைக்கு வந்து, இருவருமாக முர்தபாக் ரொட்டி சாப்பிடுவார்கள். அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அஸ்மத் வந்து நின்றான்.

சந்தில் அன்று கூட்டமில்லை. அவன் ஷூ கூட மாட்டாமல் சிலிப்பரோடு வந்திருந்தான். முகம் வெளுத்துக் கிடந்தது.

"அண்ணே, என் பேர்ல இன்னொரு நம்பர் இருக்காம் அண்ணே. அதுல இருந்து ஒரு வயசான சீன அம்மாவுக்குப் போலீஸ் மாதிரி பேசி, அவங்க வச்சிருந்ததெல்லாம் எடுத்துட்டானுங்களாம். என்னைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டாங்க. கம்பெனில வேலைக்கு வராதன்னுட்டாங்க. கேஸ் முடிஞ்சா ஊருக்கு அனுப்பிருவாங்களாம். ஸ்டேஷன்ல அந்த அம்மா அழுதுச்சு அண்ணே, நான் பாத்தேன். என்னையப் பாத்துத்தான் அழுதுச்சு."

வேலாயுதம் வாயருகே கொண்டுபோன முர்தபாக்கைத் திரும்பத் தட்டில் வைத்தார். ரக்ஷனா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"உக்காருங்க அண்ணா. நான் இவரோட பொண்ணு, சட்ட உதவி முகாம்ல இருக்கேன். பயப்படாதீங்க. உங்க சொந்த சிம் எது? எங்க வாங்குனீங்க?"

"இங்கதான் மேடம். அண்ணன்கிட்டதான்."

"வேற எங்கயாவது பெர்மிட்ட குடுத்தீங்களா?"

"எங்கயும் இல்ல." அஸ்மத் சட்டென்று கையை ஆட்டினான். "ஆனா இந்தத் தப்பு அண்ணன் கடைல நடக்கல மேடம்! அதப் போலீஸ்லயும் சொல்லிட்டேன். எந்தக் கடைன்னு திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. ஞாபகமில்லன்னு சொல்லிட்டேன். அண்ணன் பேர எதுக்கு அங்க இழுக்கணும்? அவரு தங்கமான மனுஷன்."

வேலாயுதத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்படி வந்ததற்காகவே தன் மேல் அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"நீங்க கடை பேர சொல்லியிருக்கணும் அண்ணா" என்றாள் ரக்ஷனா. "அப்பா வந்து, இங்க ஒரு தடவதான் பதிஞ்சோம்னு ஸ்டேட்மெண்ட் குடுத்தா உங்களுக்குத்தான் நல்லது. குடுப்பீங்க இல்லப்பா?"

"குடுக்கலாம்... குடுக்கலாம்மா."

"சரி, முதல்ல இது எப்படி நடந்திருக்கும்னு எனக்குப் புரியணும். ஒரே பெர்மிட்ட ரெண்டாவது தடவ போட்டா மெஷின் என்ன கேக்கும்? பெர்மிட்டுக்காரன் கையெழுத்துப் போடணுமா, மெசேஜ் வருமா? போலீஸுக்கு எழுதறப்ப அதச் சொல்லணும்." அவள் பையிலிருந்து தன் ஐசியை எடுத்தாள். "என்னுத வச்சு செஞ்சு காட்டுங்க. நான்தான் ப்ரீபெய்ட் வாங்கினதே இல்லையே. ஒண்ணு போடுங்க, அப்புறம் அதையே திரும்பப் போட்டுப் பாக்கலாம்."

"வேணாம்மா."

"ஏம்ப்பா? சிம்முக்கு நான் பணம் தர்றேன்."

"பணத்துக்கில்ல. மெஷின் சரியில்ல. சார்ஜ் இல்ல. இன்னொரு நாள் பாக்கலாம், சாப்புடு முதல்ல, ஆறிப்போவுது."

மெஷின் மேசை மேல்தான் இருந்தது, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரக்ஷனாவுக்கு அந்த மெஷின் ஒன்றும் புதிதில்லை. பள்ளிக்கூட விடுமுறையில் அப்பாவுக்குத் துணையாக இருந்து நூற்றுக்கணக்கான பேருக்குப் பதிந்து கொடுத்தவள். கையை நீட்டி எடுத்தாள். வேலாயுதம் பாய்ந்து பிடுங்கியிருக்கலாம். பிடுங்கினால் ஏன் என்று கேட்பாள். அவர் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது, அதற்கு மேல் நகரவில்லை. கடவுளே, இன்றைக்கு ஒரு நாள் லைன் கிடைக்காமல் போகட்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டார்.

லைன் நன்றாகவே கிடைத்தது. ரக்ஷனா ஐசியைக் காட்டினாள், ஒரு புது சிம்மின் எண்ணைத் தட்டினாள், காத்திருந்தாள். மெஷின் இரண்டு முறை கத்தியது.

"என்னப்பா இது?" அவள் திரையைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "லிமிட் முடிஞ்சிருச்சாம். என் பேர்ல ஏற்கனவே மூணு இருக்காம்."

முதலில் வாயைத் திறந்தவன் அஸ்மத்.

"ஐயோ மேடம், உங்களுதையும் திருடிட்டானுங்களா?" அவன் கண் விரிந்தது. தன் கஷ்டத்தை மறந்துவிட்டு அவளுக்காகப் பதறினான். "உங்களுக்கே இப்படின்னா எங்களையெல்லாம் எப்படி விடுவானுங்க! அண்ணே, பாத்தீங்களா, உங்க பொண்ணு பேர்லயே எவனோ பண்ணியிருக்கான்!"

வழி கிடைத்துவிட்டது. அந்தப் பையன் தன் கையாலேயே திறந்துவிட்டான். வேலாயுதம் அதற்குள் நுழைந்தார்.

"ஆமாப்பா" என்றார். "எவனோ. எவனோ அயோக்கியப் பய பண்ணியிருக்கான்."

ரக்ஷனா மெஷினை மேசையில் வைத்தாள். நாற்காலியில் தொங்கிய பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "அப்போ ரொம்ப நல்லதாப் போச்சு அண்ணா. நீங்க தனியா இல்ல. நானும் உங்களோட வந்து புகார் குடுக்கிறேன். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி நடந்திருக்குன்னா போலீஸ் உங்கள நம்புவாங்க. வாங்க, இப்பவே போலாம்."

"இப்பவேவா?" வேலாயுதம் எழுந்துவிட்டார். ஸ்டூல் சாய்ந்து விழுந்தது. "உனக்கு அடுத்த மாசம் மாஸ் கால்ம்மா! போலீஸ், விசாரணைன்னு பேரு போச்சுன்னா?"

"போனா தள்ளிப் போகும், அடுத்த வருஷம் நிக்கிறேன். தெரிஞ்சதுக்கு அப்புறம் நான் சும்மா இருக்க முடியாதுப்பா, அது உங்களுக்கும் தெரியும். அந்த மூணு நம்பர்ல இருந்து இப்ப எந்தக் கிழவிக்குப் பேசிக்கிட்டு இருக்கானுங்களோ!"

"பேசல ரக்ஷனா! அந்த மூணையும் அவனுங்க தொடவே இல்ல. சும்மாதான் வச்சிருக்கானுங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. பூக்கடையில் யாரோ சிரித்தார்கள். ஒரு லாரி சந்து முனையில் பின்வாங்கிக் கொண்டிருந்தது.

"அவனுங்கன்னா யாருப்பா?" என்றாள் ரக்ஷனா.

அவள் குரல் உயரவில்லை. வேலாயுதம் விழுந்து கிடந்த ஸ்டூலை நிமிர்த்தி வைத்தார். உனக்காகத்தான் என்று சொல்ல நினைத்தார். நீ அங்கி போட்டு நிற்பதைப் பார்க்கணும் என்றுதான் இத்தனையும், உன் பேர் கெடக்கூடாது என்றுதான் இவன் பேரைக் கொடுத்தேன் என்று சொல்ல நினைத்தார். அதை அஸ்மத்தை எதிரில் வைத்துக்கொண்டு எந்த வாயால் சொல்வது?

அஸ்மத் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படவில்லை. ஏதோ கணக்குப் போட்டுப் பார்ப்பவன் போல நெற்றியைச் சுருக்கினான்.

"அண்ணே, அன்னிக்கு மெஷின் சரியா எடுக்கலன்னு..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. பிறகு ஒரு அடி பின்னால் நகர்ந்தான், மேசையில் ஊன்றியிருந்த கையை எடுத்துக்கொண்டான். அவ்வளவு நாளாக அந்தக் கடைக்கு வந்தவன், இப்போதுதான் முதல் தடவை அதைப் பார்ப்பவன் போலச் சுற்றிலும் பார்த்தான்.

"ஒரே ஒரு தடவ கேளும்மா" என்றார் வேலாயுதம். "என்ன நடந்துச்சுன்னா, கதிரேசன்னு ஒரு பையன்..."

"சொல்லாதீங்க." ரக்ஷனாவின் உள்ளங்கை அவர் முகத்துக்கு நேரே நின்றது. "எங்கிட்ட சொல்லாதீங்கப்பா. சொன்னா நான் சாட்சி. அங்க வந்து சொல்லுங்க."

அவள் கண் நிறைந்துவிட்டது, அதைத் துடைக்கவும் இல்லை. அஸ்மத் பக்கம் திரும்பி, முகாமில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற அதே நிதானமான குரலை எங்கிருந்தோ வரவழைத்துக்கொண்டாள்.

"அண்ணா, ஸ்டேஷன் வரைக்கும் நான் கூட வர்றேன். ஆனா உங்க விஷயத்த இனிமே நான் பாக்கக் கூடாது. முகாம்ல வேற ஒருத்தர ஏற்பாடு பண்ணித் தர்றேன், நல்லவங்களா, கெட்டிக்காரங்களா."

"ஏன் மேடம்?"

"நான் இவரோட பொண்ணு" என்றாள் ரக்ஷனா.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடமெல்லாம் அவர் எத்தனை தடவை வாய் நிறையச் சொன்ன உறவு அது. அவள் அதை ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வது போலச் சொல்லிவிட்டு, அஸ்மத்தை முன்னால் விட்டு நடந்தாள். வேலாயுதம் கடையைக் கூட மூடாமல் அவர்கள் பின்னாலேயே போனார்.